தள்ளுபடி அக்கா

துணிக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு நின்று, மைக்கில் கூவிக் கூவி ஆட்களை உள்ளே இழுப்பது அவள் வேலை. "வாங்க, வாங்க! சட்டைக்குத் தள்ளுபடி, பேன்ட்டுக்குத் தள்ளுபடி, சும்மா பார்த்துட்டுப் போறதுக்குக் காசே இல்லை!" என்று கடை திறந்ததிலிருந்து அடைக்கிறவரை ஒரே முழக்கம். அந்தத் தெருவில் அவளுக்குத் தள்ளுபடி அக்கா என்றே பெயர். கேலியாக வைத்த பெயர்தான், ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். கல்யாணம் காட்சி எதுவும் அவளுக்கு அமையவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைப் படிக்கவைத்து லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியது அந்தத் தொண்டைதான்.

அந்தத் தம்பியைத்தான் ஒருநாள் போலீஸ் கொண்டுபோனது. அவன் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டடத்தில் காவலாளி கொலையாகிக் கிடந்தார். கடைசியாக அங்கே வந்துபோனவன் இவன். வேறு சாட்சி கிடையாது, தடயம் கிடையாது. இல்லாதப்பட்டவன் தலையில் பழியைக் கட்ட இதுவே அதிகம்.

முதன்முதலாகக் கோர்ட்டுக்குப் போன அன்று அவள் செய்த காரியத்துக்குச் சிரிப்பதா அழுவதா தெரியாது. ஜாமீன் மனு தள்ளுபடி என்றார் நீதிபதி. இவள் கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க ஐயா!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அவளுக்குத் தெரிந்த தள்ளுபடி விலையைக் குறைக்கிற தள்ளுபடி. தம்பிக்கும் ஏதோ குறைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். வெளியே வந்ததும் வக்கீலின் குமாஸ்தா தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"அக்கா, இங்க தள்ளுபடின்னா கேட்டதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

அதற்கப்புறம் கோர்ட்டில் அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும்.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து ஹைகோர்ட் அவனை விடுவித்தது. வந்தவன் பழைய தம்பி இல்லை. யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட, "நான்தாம்மா, கேஸ்!" என்று தெருவிலேயே குரல் கொடுத்துவிட்டுத்தான் படியேறுவார். லிஃப்ட் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை. உள்ளே போனால் கதவு மூடிக்கொள்ளுமே! வீட்டிலேயே உட்கார்ந்து அக்கம்பக்கத்து மிக்சி, மின்விசிறிகளைப் பழுதுபார்த்தான்.

அதுவும் பொறுக்காமல் அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. அவள் அடித்துப்பிடித்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினாள்.

"விட்டாச்சே சார், விட்டவனை மறுபடியும் எப்படிப் பிடிப்பாங்க?"

"பிடிக்கலாம்மா. கீழே எந்தக் கோர்ட் என்ன சொல்லியிருந்தாலும் அவங்க மாத்தலாம். விடுதலையை ரத்து பண்ணிட்டு, பழைய தண்டனையை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். அவங்க சொல்லிட்டா நாட்டுல எந்தக் கோர்ட்டும், எந்த அதிகாரியும் கட்டுப்பட்டே ஆகணும்."

"அதுக்கு மேல யார்கிட்ட சார் போறது?"

"அதுக்கு மேல மொட்டைமாடியும் தண்ணித்தொட்டியும்தான்மா," என்றார் வக்கீல். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தபடியே, "மறுபடியும் உள்ள போகச் சொன்னா போக மாட்டேன்க்கா. உயிரோட போக மாட்டேன்," என்றான். அவள் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு அவனை வீட்டில் தனியே விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகவேண்டியிருந்தது. மைக்கில் தள்ளுபடி தள்ளுபடி என்று கூவுவாள், மனசு வீட்டுக் கதவருகே நிற்கும். எங்கோ தலைநகரத்தில், முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் அவன் உயிர் ஊசலாடுகிறது என்று நினைத்தால் கூவல் பாதியிலேயே நின்றுவிடும்.

தீர்ப்பு நாளன்று லீவு போட்டுவிட்டு அவனோடு உட்கார்ந்திருந்தாள். பகல் ஏறிய பிறகு செல்போன் அலறியது. குமாஸ்தா.

"அக்கா! தள்ளுபடி பண்ணிட்டாங்க அக்கா!"

மேற்கொண்டு கேட்க அவளுக்குத் தெம்பில்லை. போனைத் துண்டித்து, அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டாள். போனை வைத்துத்தான் போலீஸ் தேடி வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள்.

"என்னக்கா?"

"தள்ளுபடிடா."

அவன் சுவரோடு சரிந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரி! அழறதுக்கு நேரமில்லை. போலீஸ் வர்றதுக்குள்ள பின்பக்கமாப் போயிடு. கண்காணாத ஊர்ல மிக்சி ரிப்பேர் பண்ணியாவது பொழைச்சுக்கோ. எனக்கு நீ உயிரோட இருந்தாப் போதும்."

"உன்னை விட்டுட்டா?"

"என்னைத் தூக்கிலயா போடப் போறாங்க? ஒண்ணு மட்டும் கேளு. என்னைப் பிடிச்சுவெச்சு, உன்னைக் கூப்பிடச் சொல்லுவாங்க. நானே வந்து கூப்பிட்டாலும் திரும்பாதே. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு."

அவன் கையை அவள் தலையில் வைத்தான். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. குமாஸ்தா மூச்சு வாங்க உள்ளே வந்தார். "போனை ஏன்க்கா அணைச்சுட்டீங்க? எங்க நம்ம ஆளு?"

"யாருக்குத் தெரியும்? சொல்லாமக் கொள்ளாம எங்கேயோ போயிட்டான்," என்றாள் முகத்தை இறுக்கிக்கொண்டு.

"அட, நாம ஜெயிச்சுட்டோம்க்கா!"

"தள்ளுபடின்னு சொன்னீங்களே?"

"ஆமா! அவங்க மேல்முறையீட்டைத்தானே தள்ளுபடி பண்ணினாங்க? கேஸ் போட்டது அரசாங்கம். அவங்க கேட்டதைத்தான் குப்பையில போட்டாச்சு. தம்பி விடுதலை செல்லும்னு சொல்லிட்டாங்க. இனிமே இந்த வழக்குல அவரை ஒருத்தனும் தொட முடியாது."

"ஐயையோ, கெடுத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகைக்கும் மூச்சுக்கும் நடுவே நடந்ததைக் கொட்டினாள். குமாஸ்தா அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு விரட்டினார்.

வெளியூர்ப் பேருந்து ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பின் ஜன்னலில் அவன்! அவள் பைக்கிலிருந்து குதித்து ஓடினாள். "டேய், இறங்குடா! நம்மளை விட்டுட்டாங்கடா! ஜெயிச்சுட்டோம்டா!" மைக் இல்லாமலே அந்த இடம் அதிர்ந்தது. பயணிகள் எல்லாரும் திரும்பினார்கள். சத்தம் கேட்டு, பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவரும் அவள் பின்னாலேயே ஓடிவந்தார். உதவி செய்கிற எண்ணத்தில், பேருந்தை நிறுத்தச் சொல்லி விசில் ஊதினார்.

தம்பி அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் வந்த சீருடையைப் பார்த்தான். மறுபடியும் அவளையே பார்த்தான். அவன் கண் கலங்கியது அவளுக்குத் தெரிந்தது.

"பொய்யில்லடா, சத்தியமாடா! அக்கா சொல்றேன், இறங்குடா!"

பேருந்து நின்றது. அவள் ஏறி உள்ளே ஓடியபோது பின் இருக்கை காலியாக இருந்தது. ஒருத்தர் முன்படி வழியாகக் குதித்துக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டார் என்றார்கள். சின்ன வயசிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டாத பிள்ளை அவன்.