சேறு இல்லாத மீன்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்குப் புரூப் பார்த்துப் பிழை திருத்துகிற வேலை. பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம், அலையாத்திக் காட்டை ஒட்டி. கல்யாணமாகி சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தம் வந்து பதினோரு வருஷம். இந்த வெயிலும் பட்டாசு மருந்து வாடையும் பழகிவிட்டன; சேற்று வாடைக்கு மட்டும் மூக்கு இன்னும் ஏங்குகிறது.

அங்கே தண்ணீர் வற்றியதும் ஒரு வகை மீன்கள் சேற்றில் ஏறிவிடும். விரல் நீளம், தலை உச்சியில் முட்டைக் கண்கள். துடுப்பை ஊன்றித் தத்தித் தத்தி நடக்கும், ஒன்றையொன்று மறித்துச் சண்டை போடும். நானும் அப்பாவும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுவோம். தன் மீன் தோற்றால் அப்பா அதைக் கண்டபடி திட்டுவார்.

போன வருஷம் அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். கட்டிலிலிருந்து சேறு தெரியாது. முத்துப்பேட்டை ஐஸ் கம்பெனிக்காரர் காலண்டர் ஆர்டர் தந்தபோது, நான் செல்போனில் எடுத்த மீன் படத்தையே போடவைத்தேன். அப்பா சுவரிலாவது பார்க்கட்டுமே. காலண்டர் சீசன் முடியாமல் எனக்கு லீவு கிடையாது.

புரூப் வந்தது. அமாவாசை, முகூர்த்தம், ராகு காலம், போன் நம்பர் எல்லாம் விரல் வைத்துப் பார்த்தேன். படத்தை எந்தப் புரூப்காரி பார்க்கிறாள்? கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

லோடு போன பிறகுதான் மிச்சத் தாள் ஒன்று கண்ணில் பட்டது. சேற்றையே காணோம். மீன் நீலக் கடலுக்குள் கிடந்தது, சுற்றிலும் நீர்க்குமிழிகள். டிசைன் போடும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"சேத்துல கெடந்து தவிச்சுச்சே தங்கச்சி, பாவமா இருந்துச்சு. அதான் தண்ணிக்குள்ள விட்டேன்" என்றார்.

வந்த கோபத்துக்கு அந்த மனுஷனை என்ன சொல்ல? கையெழுத்து என்னுடையது. பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஒரு வாரம் கழித்து அப்பா போன் செய்தார். காலண்டரைக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறாராம். படம் தப்பாகிப்போச்சு என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன்.

"தப்பெல்லாம் இல்லம்மா. தண்ணி ஏறி நிக்கிது, அவ்வளவுதான். வத்துனா மேல வந்துரும்" என்றார். பிறகு கேட்டார்: "நீ எப்பம்மா வர்ற?"

சீசன் முடிந்ததும் என்று சொல்லாமல், அடுத்த ஞாயிறு என்ன தேதி என்று பார்த்தேன்.