சைக்கிளில் கட்டிய யானை மணி

அறுபதுகளின் கடைசி. அந்தமானில் ரங்கத் என்ற ஊரில், அரசாங்க ஸ்டோர் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். வயது இருபத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் காது வரைக்கும் நீளம்.

ஒரு நாள் ஆபீஸில் டீ குடிக்கும்போது, “இந்தத் தடவை லீவுக்கு மெயின்லேண்ட் போறப்ப சைக்கிளையும் கப்பல்ல ஏத்திட்டுப் போறேன். மெட்ராஸ்ல இறங்கி ராமநாதபுரம் வரைக்கும் மிதிச்சே போவேன்” என்று அளந்துவிட்டேன். முந்நூறு மைலுக்கு மேல்! எங்கள் ஹெட் கிளார்க் பெரிய மீசைக்காரர். “நீ மட்டும் போயிட்டேன்னா நான் மீசைய எடுத்துடுறேன்யா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மீசையை எடுக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே பிராக்டீஸ் ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் அந்த ஊரில் முந்நூறு மைலுக்கு எங்கே போவது? பஜாரிலிருந்து போட் நிற்கிற ஜெட்டித் துறைக்குப் போய்த் திரும்பினால் பத்து மைல் இருக்கும். ஏற்றமும் இறக்கமுமாய், ஜல்லி பெயர்ந்து கிடக்கிற ரோடு. அதிலேயே செக்குமாடு மாதிரி சுற்றினேன். அந்தமானில் ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தின்றுவிட்டுக் கிளம்பினால் ஆபீஸ் நேரத்துக்குள் இரண்டு சுற்று. ஞாயிற்றுக்கிழமை ஐந்து சுற்று. கேரியரில் மணல் மூட்டை வேறு. வழியில் வயலுக்குப் போகிற வங்காளிகள், “பாகல் மதராசி வர்றான், ஒதுங்கு” என்று இந்தியில் கிண்டலடிப்பார்கள். பாகல் என்றால் பைத்தியம்.

ஒரே தொல்லை, உப்புக் காற்றில் என் சைக்கிள் பெல் துருப்பிடித்து ஊமையாகிவிட்டது. பஜாரில் கடை வைத்திருந்த கீழக்கரை பாயிடம் கேட்டால், “அடுத்த கப்பல்ல வருது தம்பி” என்பார். மூன்று கப்பல் வந்து போய்விட்டது, பெல் மட்டும் வரவில்லை. இறக்கத்தில் மாடு குறுக்கே வந்தால் தொண்டை கிழியக் கத்துவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் சுற்றில் திரும்பி வரும்போது, மூங்கில் புதர் அடர்ந்த ஒரு வளைவில் நடுரோட்டில் ஏதோ கிடந்தது. இறங்கிப் பார்த்தேன். மரத்தைக் குடைந்து செய்த பெரிய மணி. இரண்டு பக்கமும் நாக்கு மாதிரி மரக்கட்டைகள் தொங்கின. கட்டியிருந்த கயிறு இற்று அறுந்திருந்தது. யானை மணி என்று பார்த்ததுமே தெரிந்தது. காட்டிலிருந்து மரம் இழுக்கிற யானைகளின் கேம்ப் அங்கிருந்து அரை மைல்தான்.

சத்தியமாகத் திருடுகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நம் ஊர்க் கோயில் யானைக்கு மணி கட்டுவது அலங்காரத்துக்குத்தானே, ஒரு நாள் அலங்காரம் குறைந்தால் யானைக்கு என்ன குடி முழுகிவிடப்போகிறது? சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுத்தால் போச்சு. பழைய டியூப் துண்டால் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினேன்.

அடேயப்பா, என்ன சத்தம்! சக்கரம் ஜல்லியில் குதிக்கும்போதெல்லாம் டொக்கு டொக்கென்று காடு முழுக்கக் கேட்டது. மாடெல்லாம் தானாகவே ஒதுங்கின. அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி மிதித்தால் களைப்பே தெரியவில்லை. குஷியில் பாட்டு வேறு பாடிக்கொண்டு இரண்டாவது சுற்றை முடித்தேன்.

மூன்றாவது சுற்றில் அதே மூங்கில் வளைவுக்கு நூறு கஜம் இருக்கும்போது, புதருக்குள் யானை பிளிறியது. கூடவே ஒரு மனிதக் குரல் அலறி, பாதியில் நின்றது.

மிதிப்பதை விட்டுவிட்டேன். சைக்கிள் தானாக உருண்டு வளைவுக்கு வந்து நின்றது. ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு ஆள் கிடந்தார். கேம்பில் இருந்த பாகன், ராஞ்சிக்காரர், வழியில் பார்த்தால் சலாம் வைத்துச் சிரிப்பவர். அவருடைய இடது கால் தொடையிலிருந்து வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவருக்குப் பின்னால் பத்தடியில் யானை. முன்னங்கால்களில் சங்கிலி. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் படுத்தபடியே அதை ஏதோ அதட்டினார், அது அப்படியே நின்றது.

பிறகு என்னைப் பார்த்தார். என் ஹேண்டில்பாரைப் பார்த்தார்.

“கண்டி…” என்றார். அவர்கள் மணியை அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஏன் என்று அப்போது புரியவும் இல்லை. “கிட்ட வராதீங்க பாபு, கேம்புக்குப் போங்க, ஆள் கூட்டிட்டு வாங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இந்தியில் சொன்னார்.

அரை மைல்தானே. முந்நூறு மைல் மிதிக்கக் கிளம்பிய வீரனுக்கு அந்த அரை மைலை மிதிக்க முடியவில்லை. இரண்டு முறை விழுந்தேன். கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. மணி டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டே வந்தது.

கேம்ப் குடிசைகள் தெரிந்ததும், ஒரு பெண் கையில் பெரிய அலுமினியத் தட்டோடு சிரித்துக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். தட்டு நிறைய சோற்று உருண்டை, யானைக்கு. “ஆ கயா, ஆ கயா!” என்று உள்ளே யாருக்கோ சொன்னாள். வந்தாச்சு, வந்தாச்சு என்று. மணிச் சத்தத்தைக் கேட்டுப் புருஷன் யானை மேல் உட்கார்ந்து வருகிறார் என்று நினைத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யானையைத் தேடினாள். ரோட்டில் யாருமே இல்லை. அந்த முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் பார்த்தேன் ஐயா, கண்ணெதிரே பார்த்தேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் மற்றப் பாகன்கள் ஓடிப்போய் யானையைப் பிடித்துக் கட்டினார்கள். அடிபட்டவரைக் கம்பளியில் கிடத்தி மர லாரியில் ஏற்றினார்கள். அவர் மனைவியும் ஏறினாள், நானும் ஏறிக்கொண்டேன். லாரியில் ஒரு பாகன் என் தோளைத் தட்டி, “நல்லவேளை, அடையாளத்துக்கு மணிய எடுத்துட்டு வந்தீங்க பாபு” என்றார். பிறகு தனக்குத்தானே புலம்பிக்கொண்டு வந்தார். அந்தப் புலம்பலில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

ராத்திரி யானையைக் காட்டில் மேய விடுவார்கள். விடிந்ததும் பாகன் மணிச் சத்தத்தை வைத்துத் தேடிப் போவார். அது மிரளாமல் இருக்கத் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு கிட்டே போவார். அன்று மணி தள்ளி, ரோட்டுப் பக்கம் கேட்டிருக்கிறது. யானை அங்கே இருக்கிறது என்று நம்பி, குரல் கொடுக்காமல் மூங்கில் புதரைக் குறுக்கே கடந்திருக்கிறார். புதருக்குள் நின்ற யானையின் பின்னாலேயே போய் முட்டிக்கொண்டார். அது மிரண்டு திரும்பி அவரைத் தூக்கி வீசிவிட்டது.

“ரோட்டுப் பக்கம்தான் மணி கேட்டுச்சு. நானும் என் காதால கேட்டேனே! அது எப்படி?” என்று அந்தப் பாகன் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பதில் என் வாயில்தான் இருந்தது. காது வரைக்கும் நீண்ட வாய், ஜெட்டி வரும்வரை திறக்கவில்லை. அடிபட்டவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், அவரும் சொல்லவில்லை.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மோட்டார் போட் தயாராக நின்றது. அவர் மனைவி போட்டில் கால் வைக்கும்போது என்னால் முடியவில்லை. “நான்தான் மணிய எடுத்து சைக்கிள்ல கட்டிக்கிட்டு சுத்தினேன்” என்று சொல்லிவிட்டு அழுதேன். அவள் திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. நானும் நகரவில்லை.

போட்டில் கிடந்தபடி அவர் மெதுவாகக் கேட்டார். “பாபு, உங்க ஊர்ல யானைக்கு மணி எதுக்குக் கட்டுவாங்க?”

“அழகுக்கு” என்றேன்.

“அழகுக்கா?” என்றார். மனைவியிடம் அதைத் தங்கள் பாஷையில் சொன்னார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ வேறு உலகத்து ஆளைப் பார்ப்பது மாதிரி. போட் கிளம்பிவிட்டது.

உயிர் பிழைத்தார். ஆறு மாதம் கழித்துக் கட்டையூன்றி வந்தார். அப்புறம் அவரால் யானை மேல் ஏற முடியவே இல்லை. கேம்பில் யானைகளுக்குச் சோறு வேகவைக்கிற வேலை கொடுத்தார்கள். கீழக்கரை பாயின் பெல் அடுத்த கப்பலிலேயே வந்தது. லீவுக்கு நான் ராமநாதபுரம் போனது ரயிலில்தான். ஹெட் கிளார்க் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மீசை பத்திரமாக இருந்தது.

அப்புறமும் பல வருஷம் அந்த ரோட்டில் சைக்கிளில் போனேன். கேம்ப் வருமுன்னே பெல்லை விடாமல் அடிப்பேன். அடுப்படியிலிருந்து அவர் கையைத் தூக்குவார். அவள் ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. இன்றைக்கும், இது எதற்கு ஆகப்போகிறது என்று அடுத்தவர் பொருள் எதையாவது அலட்சியமாக எடுக்கப் போனால், சோற்றுத் தட்டோடு சிரித்தபடி ஓடி வந்த அந்தப் பெண் குறுக்கே வந்து நிற்கிறாள், நானும் கையை இழுத்துக்கொள்கிறேன்.