அச்சுக்குப் போகாத பட்டியல்

வவுனியாவில் ஒரு நிவாரண அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மருந்து லொறி வாசலில் நின்றது. சோதனைச்சாவடி மூடுவதற்குள் மருந்துப் பட்டியலை அச்சடித்துச் சாரதியின் கையில் கொடுக்க வேண்டும். பட்டியல் என் லப்டொப்பில் இருந்தது. அச்சு இயந்திரம் அடுத்த அறையில். இரண்டையும் இணைத்த நெட்வேர்க் வயர் அன்றைக்கென்று பார்த்து வேலை செய்யவில்லை.

வயரைக் கழற்றிப் பூட்டினேன். வேறு வயர் போட்டேன். லப்டொப்பை அணைத்து மறுபடி போட்டேன். வெளியே சாரதி ஹோன் அடித்தார்.

“ஆர் இந்த வயரில கை வைச்சது?” என்று கத்தினேன். அலுவலகம் கூட்டும் அக்கா கதவடியில் நின்றார். “நீங்கள்தானே காலமை கூட்டினீங்கள்? தும்புத்தடியால இழுத்து விட்டிட்டீங்கள்.”

“நான் தொடேல்லை தம்பி...” என்றவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கதைக்காதேங்கோ!” என்றேன்.

வயரைப் பிடித்தபடி சுவரோரமாகத் தவழ்ந்து போனேன். வயர்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டி, அலுமாரிக்குப் பின்னால் இருண்டு கிடந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் அதில் பச்சை விளக்குகள் சும்மா மினுங்குவதைக் கண்டு சுவிச்சை அணைத்தவன் நானேதான். போர்க்காலத் தடையால் எண்ணெய் கிடைக்காத ஒட்டுசுட்டானில் ஆண்டுக்கணக்காக மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துப் பழகிய கை, வீணாக எரியும் எதையும் அணைத்துவிடும்.

சுவிச்சைப் போட்டேன். அடுத்த அறையில் அச்சு இயந்திரம் இரையத் தொடங்கியது.

லொறி போன பிறகு அக்காவிடம் போனேன். “நான்தான் அக்கா நிப்பாட்டினனான்.”

“தெரியும் தம்பி. நீங்கள் நிப்பாட்டேக்க நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அதைத்தான் அப்ப சொல்ல வந்தனான்.”