மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதல் வளையம்

இத்தனை வருஷ வேலையில் உனக்குக் கிடைத்த பெரிய உதவி எது என்று டிக்கம்மாவைக் கேட்டால், ஒரு ரப்பர் வளையத்தில் பதிந்த நகக்குறியைச் சொல்வாள். அந்த வளையம் இன்றைக்கும் அவள் வீட்டு அலமாரியில், கண்ணாடி டம்ளர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ குக்கர் ரப்பர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தண்ணீர் வடிகட்டியின் மூடிக்கும் ஜாடிக்கும் நடுவில் உட்காருகிற வளையம் அது. ஒரு சொட்டு கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதைச் செய்கிற தொழிற்சாலையில் அவளும் அடுப்பக்காவும் ஒரே திங்கட்கிழமையில் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஆளுக்கொரு சின்னக் கத்தரிக்கோல். வளையத்தைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்ட வேண்டும். மூன்று வருஷம் வெட்டினார்கள். பிறகு ஒருத்தி ரப்பரை வேகவைக்கும் சூட்டு மிஷினுக்குப் போய் அடுப்பக்கா ஆனாள். இன்னொருத்திக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது, கண்ணும் கூர்மை. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். அது போதும் என்று அவளை ஆடிட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஆடிட் என்றால் கணக்கு வழக்கு கிடையாது. வேலை நடக்கிற இடத்துக்கே போய், செய்ய வேண்டியபடி செய்கிறார்களா என்று பார்ப்பது. அட்டையில் செருகிய தாளில் இருபத்திரண்டு கேள்விகள். அச்சு சுத்தமாக இருக்கிறதா, சூடு நூற்றெழுபது காட்டுகிறதா, ஐந்து நிமிஷம் வேகவிடுகிறார்களா, கையுறை போட்டிருக்கிறார்களா. சரி என்றால் ஒரு டிக். செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு அவள் டிக் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்து யாரோ வைத்த பேர்தான் டிக்கம்மா. முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. ஸ்கூல் பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், ஃப்ரிட்ஜ் கதவை அவள் திறந்ததுமே சோபாவிலிருந்து குரல் கொடுப்பார்.

"பாத்துச் சொல்லும்மா, நான் பாஸா ஃபெயிலா?"

"பால் பாக்கெட்டை வெட்டித் திறந்தபடியே வச்சிருக்கீங்க. ஃபெயில்."

"மறு கூட்டல் உண்டா?"

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அந்தத் தொழிற்சாலையைவிட ஒழுங்கான இடம் ஊரிலேயே இருக்காது. தரை பளபளக்கும். கையுறை போடாத கை ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. இருபத்திரண்டு கேள்விக்கும் இருபத்திரண்டு டிக். டிக்கம்மாவுக்கு அதில் பெருமைதான்.

அப்படியிருக்க, வடிகட்டி செய்கிற கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாக வளையங்கள் திரும்பி வந்தன. இரண்டு வாரத்தில் சப்பையாகிவிடுகின்றன, தண்ணீர் கசிகிறது என்று கடிதம். அடுத்தடுத்த மாதங்களிலும் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாமே அடுப்பக்காவின் மிஷினில் வெந்தவை.

சூப்பர்வைசர் ஒரு தாளோடு டிக்கம்மாவிடம் வந்தார். வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை, மேலேயிருந்து வருகிற அழுத்தத்தைக் கீழே இறக்கத்தான் தெரியும்.

"மேடம், இதுல ஒரு கையெழுத்து. நாளைக்கு நாலு மணிக்குள்ள மேனேஜர்கிட்ட போகணும்."

வாங்கிப் படித்தாள். 'முறை சரி, ஆள் தவறு. ஆபரேட்டரை வேலையிலிருந்து விலக்கப் பரிந்துரை.'

"அக்காவையா? பதினாலு வருஷமா அந்த மிஷின்ல நிக்கிறாங்க, தம்பி."

"நான் என்ன பண்றது மேடம்? ஆறு மாசமா உங்க தாள்ல ஒரு தப்பு இல்ல. மிஷின் சரி, சூடு சரி, நேரம் சரி. எல்லாத்துக்கும் நீங்கதான டிக் போட்டிருக்கீங்க? அப்ப மிச்சம் இருக்கிறது அவங்க கைதானே?"

டிக்கம்மா கையெழுத்துப் போடாமல் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். தான் பெருமையாகப் போட்ட ஒவ்வொரு டிக்கும் இப்போது அக்காவின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜ் திறக்கப்படவேயில்லை. வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு ஆடிட்டர் லீவா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் காதைக் குடைந்துகொண்டார்.

"எங்க ரூட்ல பெரிய ஸ்கூல் வாசல்ல தினம் ஏழரைக்கு போலீஸ் நிக்கும். ஏழரைக்கு நானும் முப்பது கிலோமீட்டர் வேகத்துலதான் போவேன்."

"மத்த நேரத்துல?"

"அதை ஏன் ஆடிட்டர்கிட்ட சொல்லணும்?"

மறுநாள் புதன்கிழமை. காலை எட்டு மணிக்கே டிக்கம்மா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து சூட்டு மிஷின் பக்கத்தில் போட்டாள்.

"என்னடி டிக்கு, கிழமை மறந்துபோச்சா?" என்றாள் அடுப்பக்கா. தாளைப் பற்றி அவளுக்கும் காற்றுவாக்கில் செய்தி எட்டியிருந்தது. முகம் வாடியிருந்தாலும் வாய் வாடவில்லை. "என்னை வழியனுப்ப வந்தியா?"

"சும்மா இரு அக்கா. நீ வேலையப் பாரு, நான் உன்னைப் பாக்கறேன்."

"பாரு பாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட என்னை இவ்ளோ நேரம் பாக்கல."

காலை முழுவதும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அச்சில் முப்பத்தாறு குழி. குழிக்கொரு ரப்பர்த் துண்டு வைத்து, மூடி அழுத்தி, ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் முப்பத்தாறு வளையம். அடுப்பக்காவின் கை, வீட்டுச் சாமானை அடுக்குகிற கை மாதிரி தடுமாறாமல் போய்வந்தது. பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அடுப்பக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, பக்கத்துப் பெட்டியில் இருந்த சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

"அது என்னக்கா?"

"ஹீட்டர். மறந்துட்டியா? மின்சாரத்தை மிச்சம் பண்ணணும்னு மேனேஜர் சொன்னாரே. முதல் மாசம் ஒரு நாள்கூட தவறாம அணைச்சேன்னு மேடையில கூப்பிட்டுச் சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. நீதான முன்வரிசையில கைதட்டின?"

கை தட்டியது ஞாபகம் வந்தது. அது எந்த மாதம் என்பதும் ஞாபகம் வந்தது. பெட்டிகள் திரும்பத் தொடங்கியதற்கு முந்தின மாதம்.

சாப்பிட்டுவிட்டு வந்து அடுப்பக்கா சுவிட்சைப் போட்டாள். நாலு நிமிஷத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் நூற்றெழுபது. ரப்பரை வைத்தாள், ஐந்து நிமிஷம் விட்டாள், திறந்தாள். எல்லாம் முறைப்படி. டிக்கம்மா ஒரு வளையத்தை எடுத்தாள். பார்க்கக் காலையில் வந்தது மாதிரியே இருந்தது.

"நகத்தால அழுத்து" என்றாள் அடுப்பக்கா மெதுவாக.

"என்னக்கா?"

அவளே வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் காட்டினாள். பிறை மாதிரி ஒரு குறி பதிந்தது. மறையவில்லை. காலை வளையத்தை எடுத்து அழுத்தினாள். குறி அடுத்த நொடியே மறைந்தது.

"மதியம் வர்ற முதல் ரெண்டு மூணு தடவையும் இப்படித்தான் இருக்கு. ரப்பர் வர்ற மூட்டை சரியில்லையோன்னு நினைச்சேன்."

"இதை ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? சூடு நூத்தெழுபது காட்டுதான்னு கேட்ட. காட்டுதுன்னேன்."

மெயின்டனன்ஸிலிருந்து தொட்டுப் பார்க்கிற தெர்மாமீட்டரை வாங்கி வந்தார்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் நூற்றெழுபது. ரப்பர் உட்காருகிற அச்சில் நூற்றுமுப்பத்தெட்டு. திரை பொய் சொல்லவில்லை, தன் பக்கத்துச் சூட்டை மட்டும் சொன்னது. கனமான அச்சு முழுதும் சூடேற இருபது நிமிஷம் ஆனது. ஆறு மாதமாக மதியத்தின் முதல் வளையங்கள் பாதி வெந்து பெட்டிக்குள் போயிருந்தன. டிக்கம்மா பத்து மணிக்கு வந்து பத்தேகாலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சோதனைக் கூடத்துக்குச் சாம்பிள் எடுத்ததும் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும்தான்.

அடுப்பக்கா சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப தப்பு என் கைதானேடி. அணைச்சது இதுதானே?"

"அணைச்ச கைக்குக் கைதட்டினது எந்தக் கை?" என்றாள் டிக்கம்மா.

நாலு மணிக்கு அவள் மேனேஜரின் மேஜையில் வைத்தது சூப்பர்வைசர் கொடுத்த தாளை அல்ல. தன் கையால் எழுதிய வேறொன்றை. முதல் வரி எழுத அரைமணி நேரம் ஆகியிருந்தது. பதினாலு வருஷம் ஊரார் தப்பை எழுதிய பேனா, சொந்தத் தப்பை எழுதச் சண்டித்தனம் செய்தது. 'தணிக்கை எப்போதும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் நடந்தது. மதிய வேலையைத் தணிக்கையாளர் ஒரு முறையும் பார்க்கவில்லை. இந்தத் தவறு என்னுடையது.' அதற்குக் கீழே சூட்டு விவரம். கடைசியில், குறையைக் கண்டுபிடித்துக் காட்டியவர் மிஷின் ஆபரேட்டர் என்ற வரி.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். இனி பிசிறு வெட்டும் மேஜைதான் என்று டிக்கம்மா மனதைத் தயார் செய்துகொண்டாள்.

"இதுல ஒரு வரி விட்டுப்போச்சு" என்று அவர் பேனாவை எடுத்தார். முதல் வரிக்கு மேலே எழுதித் தாளைத் திருப்பிக் காட்டினார். 'சுவிட்சை அணைக்கச் சொன்னவன், அச்சு சூடேற எவ்வளவு நேரமாகும் என்று விசாரிக்காத மேனேஜர்.'

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் நெளிந்தார். "சார், மதியம் சாம்பிள் எடுக்க வேண்டாம்னது நான்தான். எனக்கும் ஒரு வரி போட்டுடுங்க, தனியா நின்னா நல்லாருக்காது."

மூன்று பேரும் சிரித்தார்கள். டிக்கம்மாவுக்குக் கண் கரித்தது, மிஷின் புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே மிஷின்கூட இல்லை.

மறுநாள் அடுப்பக்கா சுவர்க்கடிகாரத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து மேனேஜரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மிஷினுக்கு மேலே ஆணி அடித்து மாட்டச் சொன்னார். இப்போது மதியம் ஹீட்டரை அணைப்பதில்லை. வேறு காரணத்தால் நின்றுபோனால், அந்தக் கடிகாரத்தில் இருபது நிமிஷம் பார்த்து, அச்சைத் தொட்டு அளந்த பிறகுதான் முதல் ரப்பர். பெட்டிகள் திரும்பி வருவது நின்றுவிட்டது.

டிக்கம்மா எப்போது வருவாள் என்று இப்போது யாருக்கும் தெரியாது, அவளையும் சேர்த்து. காலையில் வீட்டுக்காரர் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுத்துக் கொடுப்பார். அதில் எழுதியிருக்கிற மணிக்குப் போவாள். தாளில் இருபத்துமூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. அதற்கு டிக் போட முடியாது, சொல்கிறவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'நான் கேட்க மறந்தது எது?'

போன வாரம் சீட்டில் மூன்றரை மணி வந்தது. இருபத்திரண்டும் முடித்துவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"சொல்லுக்கா. என்ன மறந்தேன்?"

அடுப்பக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள், காலால் ஸ்டூலை முன்னுக்குத் தள்ளினாள்.

"வந்ததுலேர்ந்து நின்னுட்டே இருக்க. உக்கார மறந்துட்ட."

டிக்கம்மா அதையும் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள்.