நாலு விரற்கடை

மோட்டார் வாகனச் சட்டம், ஐம்பத்திரண்டாவது பிரிவு: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் தம் வாகனத்தை மாற்றி அமைக்கக் கூடாது. இந்த ஒரு வரியை வைத்து நான் முப்பத்தோரு வருடம் சோறு தின்றேன். நாமக்கல் லாரிக்காரர்கள் முகத்துக்கு நேரே பிரேக் இன்ஸ்பெக்டர் சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்னவென்று விசாரிக்கவில்லை. கேபினுக்கு மேல் ஒரு கம்பியைக் கூடுதலாகப் பற்றவைத்திருந்தாலும் டேப்பை நீட்டி அளந்து மெமோ கொடுத்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், போன வைகாசியில் ஒரு காலை, சட்டத்துக்குப் பொருந்தாத நான்கு டயர்களுடன் ஒரு வண்டி நின்றது. எங்கள் வண்டிதான்.

அதை வாங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. பழைய காரில் தாழ உட்கார்ந்தால் அவளால் எழ முடியவில்லை. ஜீப் மாதிரி உயரமான வண்டியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி இரண்டு மாதம் படித்துக் கண்டுபிடித்தேன். மலைப்பாதையில் ஓட்டுகிற வண்டிதான், ஆனால் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரங்களின் மேலும் காற்றுப் பைகள். ஏர் சஸ்பென்ஷன் என்பார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பைகளிலிருந்து காற்று இறங்கி, வண்டி நாலு விரற்கடை தாழ்ந்து நிற்கும். அவள் ஏறி உட்கார்ந்ததும் தானாக எழும். அரசாங்க வண்டியில் ஒரு நாளும் காணாத மரியாதை.

ஞாயிறுதோறும் மோகனூரில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவோம். கிளம்பும்போது தெருவில் நிற்பவர்களைச் சற்று ஒதுங்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். புஸ்ஸென்று சத்தத்தோடு வண்டி இறங்கும். எதிர்வீட்டுக்காரர் ஒவ்வொரு வாரமும் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார். நானும் ஒவ்வொரு வாரமும் விளக்குவேன். பம்ப் எங்கே இருக்கிறது, காற்று எந்தக் குழாய் வழியாகப் போகிறது, எல்லாம். மனைவி அதற்குள் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், நண்பர்களோடு கொல்லிமலையில் மண் பாதையில் ஓட்ட வேண்டுமென்று வண்டியை ஒரு வாரம் கேட்டான். ஒன்பது நிபந்தனைகள் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். டயரை மாற்றாதே என்று எழுதவில்லை. யாருக்குத் தோன்றும்? திருப்பிக் கொண்டுவந்தவன் நான் வாக்கிங் போயிருந்த நேரத்தில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

டேப்பை எடுத்தேன். பழைய டயரைவிடக் குறுக்களவில் மூன்று அங்குலம் அதிகம். ஸ்டெப்னி அதன் இடத்தில் அடங்காது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். இதெல்லாம் நான் எதிர்பார்த்தவை. பொத்தானை அழுத்தினேன். புஸ்ஸென்றது, கொஞ்சம் இறங்கியது, நின்றுவிட்டது. இருக்கை மனைவியின் மார்பு உயரத்தில் இருந்தது. வாசற்படியில் நின்று பார்த்தவள், "சரி, காப்பி ஆறுதுங்க" என்று உள்ளே போனாள். மனம் உடைந்து போகிறாள் என்று நினைத்தேன்.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சென்சார், அதை ஆட்ட ஒரு சின்னக் கம்பி. நான்கு கம்பிகளையும் கழற்றி, அளவு மாறியவற்றைப் போட்டிருந்தார்கள். வண்டி இருப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பும். நம்பி, காற்றை ஏற்றி உயர்த்திக்கொண்டே இருக்கும். முழுதாக இறங்க விட்டால் பெரிய டயர் சக்கர வளைவில் உரசும், அதனால் இந்த ஏமாற்று. என் உத்தியோகக் காலத்தில் ஒரு லாரிக்காரனுக்கும் இப்படித் தோன்றியதில்லை.

மகனைக் கூப்பிட்டால் மீட்டிங் என்றான். அடுத்த நாளும் மீட்டிங். மூன்றாம் நாள், "சேலம் ரோட்டு டயர் கடைக்காரரக் கேளுங்கப்பா, அவருதான் பண்ணுனாரு" என்றான். அந்தக் கடைக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன்: யார் உத்தரவின் பேரில், எந்தத் தேதியில், எந்த அளவு. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தேன். பிறகு நினைவூட்டு ஒன்று, இரண்டு. பதில் இல்லை. இவ்வளவு நாளும் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கவர் ஒட்டும் பசை எங்கே என்று கேட்டபோது எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

கடைசியில் நேரே போனேன். கடைக்காரர் ஒரு காலத்தில் லாரிக்குப் பழைய டயர் விற்றவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்தார். தபாலெல்லாம் மேஜை இழுப்பறையில் பிரிக்காமல் இருந்தது. பயமாக இருந்ததால் பிரிக்கவில்லை என்றார்.

"ஓனரு கையெழுத்து இல்லாம நாங்க கை வைக்கறதில்லீங்க சார்."

"நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே?"

"உங்களுதில்லீங்க. ஆர்.சி. புக்குல இருக்கறது அம்மா பேருங்களே."

உண்மைதான். வாங்கும்போது அவள் பெயரில் பதிவு செய்தது நான்தான். என் பரிசு என்று எல்லோரிடமும் சொன்னதும் நான்தான். கடைக்காரர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பெரிய டயர் பொருத்தவும், உயரத்தை மாற்றவும் சம்மதம் என்று இருந்தது. கீழே என் மனைவியின் கையெழுத்து, வங்கியில் போடுவது போலவே முழுப் பெயரும் போட்டு. மகன் வண்டியை எடுத்துப் போவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. உரிமையாளர் சம்மதித்தாலும் மாற்றம் செல்லாது. ஆனால் சட்டப்படி மெமோ கொடுக்க வேண்டிய ஆள் இப்போது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மறுக்கவே இல்லை.

"ஆமாங்க, நாந்தான் போட்டேன்."

"எதற்கு?"

"எழுதிக் கேளுங்க. வாய்ல கேட்டதுக்கெல்லாம் என்னைக்குங்க ஆப்பீசுல பதில் சொன்னீங்க?"

எழுதினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஒரே கேள்வி, ஒரே வரி. சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்குக் கீழே வைத்தேன். எடுத்துக்கொண்டாள். சமைத்தாள், பரிமாறினாள், மின்சாரம் போனால் எனக்கு விசிறியும் எடுத்துத் தந்தாள். பதில் மட்டும் வரவில்லை. ஞாயிறுகளில் வண்டியும் நகரவில்லை. அக்காவிடம் போனில் பேசும்போது என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தினாள்.

பிறகு ஒரு காலை, செய்தித்தாளுக்கு நடுவே என் கடிதமே இருந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தாள்:

"கால் தை மாசமே சரியாப் போச்சு. டாக்டர் உங்க முன்னாடிதான் சொன்னாரு, நீங்க அவருகிட்ட வண்டியப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க. அக்கா ஊட்டு வாசல்ல அது புஸ்ஸுன்னு எறங்கறதையும் நான் ஏறறதையும் தெருவே நின்னு பாக்கும். எனக்கு வேண்டாமுன்னு மூணு தரம் சொன்னேன். பம்ப் நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னீங்க. நீங்க பென்ஷன்காரங்க கூட்டத்துக்குப் போற நாள்ல நான் டவுன் பஸ்ஸுல மோகனூர் போயிட்டு வாரேன். பஸ் படி இன்னும் ஒசரம். பெரிய டயர் போட்டா வண்டி எறங்காதான்னு பையனக் கேட்டேன். எறங்காதுன்னான். கையெழுத்துப் போட்டேன். இனி ஞாயித்துக்கெழமையும் பஸ்ஸுலயே போய்க்கறேன். நீங்க வரதுன்னா வாங்க, ஆனா கண்டக்டருக்கு எதும் வெளக்க வேண்டாம்."

மகனுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். டயர் கடைக்காரருக்குத் தெரியும். மோகனூர் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரிந்திருக்கும். இத்தனை பேருக்கும் தெரிந்திருக்க, வாராவாரம் நான் மட்டும் விளக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து, கை பழகிய இடத்தில், ஓரமாகக் குறித்தேன்: பெறப்பட்டது, செப்டம்பர் 4.