காய்ச்சல் இல்லாத எட்டு நாட்கள்

வசந்தாவின் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியதுதான் முதல் அறிகுறி. என் மனைவி, புனேயின் ஔந்துப் பகுதியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒரே வாரத்தில் மூன்று முறை நழுவியது என்று அவள் சொன்னபோது, "கால்சியம் கொறைஞ்சிருக்கும்" என்றேன். வங்கியில் முப்பது வருடம் இருந்தவனுக்கு வைத்தியமும் தெரியும் என்ற நினைப்பு.

ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் கிளையோமா (மூளைத் திசுவிலிருந்தே வளரும் கட்டி) தெரிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் ஸ்வெட்டர் பொத்தானை வலது கையால் அவளே போட்டுக்கொண்டாள். அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா இந்தியில் பொறுமையாகச் சொன்னார். கட்டி, அறுவை, ஸ்டீராய்டு (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) மூன்றும் சேர்ந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும்வரை வீட்டில் கூட்டம் கூடாது. நானும் தலையாட்டினேன்.

புனேயில் எங்கள் கோயம்புத்தூர்க்காரர்களுக்குள் ஒரு வழக்கம். யார் படுத்தாலும் போய்ப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் குத்திக்காட்டுவார்கள். சாத்துக்குடிப் பையோடு நானே எத்தனை கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறேன்! இப்போது என் முறை. சொல்ல வெட்கமாக இருக்கிறது: எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

"ஏனுங்க, கொஞ்ச நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றாள் வசந்தா.

"ஊடு தேடி வாரவங்கள எப்புடி வேண்டாங்கறது?" என்றேன்.

வந்தார்கள். பக்கத்துப் பகுதியான பாணேரிலிருந்து வந்த நண்பர் இருமிக்கொண்டே அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தவன் நான்.

அதன்பின் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்த்தேன். நெற்றி சில்லென்றுதான் இருந்தது. குளியலறைக்குப் போய்வரவே அவளுக்கு மூச்சு வாங்கியது. "காய்ச்சலே இல்லியே, அப்பறம் என்ன?" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் உதடு நீலமாகிவிட்டது.

நிமோனியா (நுரையீரல் தொற்று). ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும், மூச்சு வாங்கிய அன்றே அழைத்து வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் கதிர்வீச்சு ஐந்து வாரம் தள்ளிப்போனது. அதற்குள் கட்டி மறுபடி வளர்ந்து, திரும்பக் கிடைத்த கையைப் பறித்துக்கொண்டது. தள்ளிப்போகாமல் இருந்தால் கை தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மனஸ்தாபம் வந்தால் வரட்டும், கதவைச் சாத்துங்கள். தெர்மாமீட்டரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போது பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அந்த எட்டு நாட்களுக்கு முன், அவற்றுக்குப் பின் என்றுதான் எனக்குக் காலமே ஓடுகிறது. நேற்று அவள் நெற்றியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. முன்பெல்லாம் அது நிம்மதி. இப்போது அதை நம்புவதில்லை. அவள் மூச்சை எண்ணத் தொடங்கினேன்.

"எண்ணுனது போதுமுங்க. யாரையாச்சும் வரச் சொல்லுங்க. மனுச மொகம் பாத்து நாளாச்சு" என்றாள்.

அன்று அவள் கேட்டும் சாத்தாத கதவை, இன்று அவள் கேட்டும் திறக்க எனக்குக் கை வரவில்லை.