ராட்சசனின் கிளி

அந்த வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு படக்கதை வந்துகொண்டிருந்தது. ஏழு கடல் தாண்டி இருந்த ராட்சசன் பிழைப்புத் தேடிக் கோயமுத்தூர் மாதிரி ஓர் ஊருக்கு வந்து, பஞ்சாலைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறான். ஒரு காலத்தில் அவன் சிறையெடுத்த இளவரசி அதே ஆலையில் நூல் சுற்றுகிறாள். ஆலைச் சங்கு ஊதினால் இருவரும் சோற்றுத் தூக்குப்போசியோடு வேலைக்கு ஓடுகிறார்கள். என் மகளுக்கு இளவரசியைப் பிடிக்காது.

"அவருதான் பாவம்ப்பா. லைன் வீட்டுல கால் நீட்ட எடமில்லாம சுருண்டு தூங்கறாரு."

அவன் உயிர் ஒரு கிளிக்குள் இருந்தது. அந்த வாரம் கிளி கூண்டோடு திருட்டுப் போயிற்று. மீதி அடுத்த வாரம்.

என் மகளுக்கு முன் பிறந்த இருவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் எங்கே போனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போவேன். உழவு மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்கும் அப்படித்தான் போனோம். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் தரகரின் விரல்களைப் பிடித்தே பேச வேண்டும்.

"இங்கயே நில்லு கண்ணு" என்று அவள் கையை விட்டேன். தரகர் ஒரு விரலை அழுத்தினார், மறுத்தேன், அவர் விடவில்லை. துண்டை விலக்கியபோது அவளைக் காணோம்.

மாடுகளின் கால்களுக்கு இடையில் குனிந்து குனிந்து தேடினேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன்.

சந்தையின் மறுகோடியில் கிளி ஜோசியர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூண்டுக் கதவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி எதிரே என் மகள்.

"ஏனுங்க, உங்க அம்மணிங்களா? ஒரு சீட்டு எடுக்க உடமாட்டீங்குதுங்க. எம் பொழப்பே போச்சு!"

"சத்தம் போடாதீங்கப்பா, கிளி பயந்துக்கும். இதுக்கு ஏதாச்சும் ஆனா அங்க மில்லுல அவரு விழுந்துருவாரு."

அடிக்கக் கை ஓங்கினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜோசியர் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"மொகமே செரியில்லீங்க. உங்களுக்கொரு சீட்டு எடுக்கட்டுங்களா?"

அதற்கும் அவள் விடவில்லை. கிளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக அவர் சத்தியம் செய்த பிறகே எழுந்தாள்.

தரகர் மறுபடி துண்டை விரித்தார். நான் மகளின் கையை விடாமல் இடது கையை நீட்டினேன்.

"படிச்சவருங்களே, பீச்சாங்கையிலயா வெல பேசுவாங்க? சோத்தாங்கையக் குடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அது சும்மா இல்லீங்க" என்றேன். மாடு இல்லாமலே பஸ் ஏறினோம்.

அடுத்த வாரப் பத்திரிகையை நான்தான் முதலில் பிரித்தேன். ராட்சசன் சங்கு ஊதியும் வேலைக்குப் போகாமல் சந்து சந்தாகக் கிளியைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தேன். வரைந்தவர் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும்.

மகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கிளி பொள்ளாச்சியில இருக்குதுன்னு மில்லுக்குப் போயி யாராச்சும் அவருகிட்டச் சொல்லோணுமுங்கப்பா."

நான் எழுந்துபோய் வாசல் கதவில் அவளுக்கு எட்டாத மேல்தாழ்ப்பாளைப் போட்டேன்.